ஒட்டுக்குக் கீழே முளைத்தது

எனக்கு வாய் அதிகம் என்று ஊரில் சொல்வார்கள். சொல்லட்டும். கத்தியைப் பிடித்தால் என் கை தவறாது என்று சொல்வதும் அதே ஆட்கள்தான். ஜவ்வாது மலையில், காவலூரைச் சுற்றியுள்ள ஊர்களில், எந்தத் தோட்டத்திலாவது ஒட்டு மாமரம் நன்றாக நின்றால் அது பெரும்பாலும் நான் கட்டிய ஒட்டாகத்தான் இருக்கும். எங்கள் நிலத்தின் ஓரத்தில், பச்சை வலைக்குக் கீழே, என் நாற்றுப்பண்ணை இருக்கிறது. மா, நெல்லி, சீத்தா, கொய்யா, ஒட்டுப்புளி என்று வரிசையாகக் கன்றுகள். தோட்டக்கலை படித்துவிட்டு ஒரு பெண் மலையில் என்ன கிழிக்கப்போகிறாள் என்று கேட்டவர்கள் இப்போது ஆடி பிறந்தால் போன் செய்து முன்பதிவு செய்கிறார்கள். இதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது, மறைப்பானேன். ஆனால் இந்தத் தொழிலில் நான் நிமிர்வதற்கு முன்னால் ஒருமுறை நன்றாகக் குனிந்தேன். அதையும் சொல்லாவிட்டால் நான் சொல்வதில் பாதி பொய்.

எங்களுடையது மேட்டு நிலம். கல்லும் மண்ணும் சரிபாதி. அப்பா இறந்தபோது அண்ணன் பத்தாவது முடித்திருந்தான், நான் நாலாவது. அதற்குப் பிறகு அவன் பள்ளிக்கூடம் போகவில்லை. சாமை, கேழ்வரகு, மொச்சை, வரப்பில் நிற்கும் புளியமரங்கள் என்று எல்லாவற்றையும் அவனே பார்த்தான். என்னைப் பன்னிரண்டாவது வரை படிக்கவைத்து, தோட்டக்கலை டிப்ளமோவுக்கும் அவனேதான் கொண்டுபோய்ச் சேர்த்தான். விடுதி வாசலில் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு, “மண்ணத்தான படிக்கப் போற? அது நம்ம வூட்லயே இருக்குதே” என்று சிரித்தான்.

முதல் வருட விடுமுறையில் நான் முப்பத்தைந்து பங்கனப்பள்ளி ஒட்டுக்கன்றுகளோடு ஊருக்கு வந்தேன். ஆலங்காயத்தில் பஸ் மாறும்போது கண்டக்டருக்கும் எனக்கும் சண்டை. ஆள் ஏறவே இடம் இல்லாத பஸ்ஸில் காடு ஏறுகிறதே என்று அவர் கத்த, உங்கள் பஸ்ஸுக்கு நிழல் வரட்டும் என்று நான் சொல்ல, கடைசியில் பின் சீட்டுக்காரர்கள் மடியில் இரண்டிரண்டு கன்றுகளை வைத்துக்கொண்டு மலை ஏறினார்கள். வீட்டில் மேல்காட்டைக் கேட்டேன். அது சாமை விளையும் காடு. வருடத்தில் பாதி நாள் அடுப்பில் கொதிப்பது அந்தக் காட்டுச் சாமைதான். அண்ணன் ஒரு நாள் முழுக்க யோசித்தான். மறுநாள் காலை கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனான்.

ஏழு ஏழாக ஐந்து வரிசை. குழி வெட்டியது அவன், கன்று வைத்தது நான். ஒட்டுக்கன்று என்றால் இரண்டு செடி சேர்ந்த ஒரு செடி. அடியில் இருப்பது நாட்டு மாங்கொட்டை போட்டு முளைத்தது. அதன் தலையைச் சீவி, நல்ல ஜாதி மரத்தின் குச்சியை மேலே செருகிக் கட்டியிருப்பார்கள். அடிச்செடி வேருக்கு, மேல்குச்சி பழத்துக்கு. கட்டிய இடத்துக்குக் கீழே எது துளிர்த்தாலும் அது நாட்டுச்செடியின் துளிர், அதை உடனே கிள்ளி எறியவேண்டும். இவ்வளவுதான் விஷயம். இப்போது எப்படிச் சுலபமாகச் சொல்லிவிட்டேன் பாருங்கள். அன்றைக்கு நான் அண்ணனிடம் சொன்னது வேறு. புறப்பட வேண்டிய நாள், கீழே பஸ் ஹாரன் கேட்கிறது, ஒரு கையில் பை. “வேர்ச்செடித் துளிர்களை அவ்வப்போது நீக்கிவிட வேண்டும்” என்று பாடப்புத்தகத்தில் இருந்தபடியே சொல்லிவிட்டு ஓடினேன். அவனும் தலையாட்டினான். படித்த தங்கை ஏதோ சொல்கிறாள் என்ற மரியாதையில் ஆட்டிய தலை அது. சொல்லிக்கொடுத்த சொல்லும் கட்டிக்கொடுத்த சோறும் எத்தனை நாளைக்கு? நான் சொன்னது பஸ் நிற்கும் இடம் வரைக்கும்கூட வரவில்லை.

டிப்ளமோ முடித்தபின் கணியம்பாடிப் பக்கம் ஒரு நாற்றுப்பண்ணையில் வேலை கிடைத்தது. நான்கு வருடம் அங்கேதான் என் கை படிந்தது. காலையில் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குள் நூறு ஒட்டு கட்டுவேன். பொங்கலுக்கும் ஆடிக்கும் ஊருக்கு வருவேன். மாமரங்கள் தளதளவென்று வளர்ந்திருந்தன. கணியம்பாடியில் தண்ணீர் பாய்ச்சி உரம் போட்ட மரங்களைவிட எங்கள் கல்லுக்காட்டு மரங்கள் உயரம். இரண்டே இரண்டு மரங்கள் மட்டும் இடுப்பு உயரத்துக்குச் சவலையாக நின்றன. அண்ணனுக்கு அந்த இரண்டால் அவமானம், யாராவது தோட்டம் பார்க்க வந்தால் அந்தப் பக்கம் கூட்டிப்போக மாட்டான். நான் உயரமான மரங்களுக்கு முன்னால் நின்று படம் எடுத்து ஸ்டேட்டஸில் போட்டேன். பண்ணை முதலாளியிடம் காட்டினேன். அவர் பெரிதாக்கிப் பார்த்து, “இலை கொஞ்சம் வேற மாதிரி இருக்கேம்மா” என்றார். எங்கள் மலைக்காற்றுக்கு அப்படித்தான் சார் இருக்கும் என்று அவருக்கே பாடம் எடுத்தேன். அடிமரத்தைக் குனிந்து பார்க்கவேண்டும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

ஆறாவது வருடம் மரங்கள் காய்த்தன. அதே வருடம் நானும் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து, தோட்டத்து ஓரத்தில் வலை கட்டிச் சொந்தமாகப் பண்ணை போட்டேன். எங்கள் மரங்களைப் பார்த்துவிட்டு ஊரில் பத்துப் பன்னிரண்டு பேர் அதே போலக் கன்று வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். எங்கள் ஊரில் எந்த மரம் முதலில் காய்த்தாலும் அந்தக் காய் சாமிக்கு. பழுத்தபின் கோயிலுக்கு எடுத்துப்போய்ப் படைத்து, அங்கேயே அறுத்து, வந்திருக்கும் அத்தனை பேருக்கும் ஒரு துண்டு தருவோம். அண்ணன் வேட்டியெல்லாம் மாற்றிக்கொண்டு ஒரு கூடைப் பழத்தோடு வந்தான். கூடைக்குள் எட்டிப் பார்த்தேன். பழங்கள் ஒன்றுபோல் இல்லை. ஒன்று உருண்டை, ஒன்று நீளம், ஒன்று கோழிமுட்டை அளவு. அறுத்தார்கள். முதல் துண்டை வாயில் போட்ட பெரியவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் பல்லிடுக்கில் இருந்து நாரை இழுத்துக்கொண்டே, “இன்னாம்மா, இதான் காலேஜ் மாங்காவா? இதுக்கு எங்கூட்டுக் கொல்லையில நிக்கறதே தேவலயே” என்றார். கோயிலே சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தான்.

நேராகத் தோட்டத்துக்கு ஓடினேன். ஒவ்வொரு மரத்தடியிலும் மண்டியிட்டுப் பார்த்தேன். ஒட்டுக் கட்டிய தழும்பு உயரமான மரம் ஒன்றிலும் இல்லை. தழும்புக்குக் கீழே இருந்து கிளம்பிய நாட்டுச்செடிதான் மரமாக நின்றது. நான் கொண்டுவந்த பங்கனப்பள்ளிக் குச்சி இருந்த இடத்தில் ஒரு சின்னக் காய்ந்த முண்டு. முப்பத்து மூன்று மரமும் அப்படி. ஒட்டுத் தழும்போடு நின்றது அந்தச் சவலை இரண்டும்தான்.

அண்ணியோடு அண்ணன் பின்னாலேயே வந்திருந்தான். மேலே இருந்த குச்சியை எல்லாம் என்ன செய்தாய் என்று கேட்டேன்.

“புடுங்கிட்டேன்.”

“புடுங்கிட்டியா? எல்லாத்தையுமா?”

“ஒரு குழியில ரெண்டு வந்தா இன்னா பண்ணுவோம்? மேல ஒண்ணு பிளாஸ்டிக் சுத்திக்கினு குச்சியாட்டம் நின்னுச்சி. கீழருந்து ஒண்ணு கொழுகொழுன்னு வந்துச்சி. நோஞ்சானப் புடுங்கிட்டு நல்லத வுட்டேன். அந்த ரெண்டுல மட்டும் கீழருந்து ஒண்ணும் வரல. அதான் அப்டியே கீது.”

மொச்சைக்குக் குழிக்கு மூன்று விதை போடுவோம். முளைத்து நாலு இலை விட்டதும் கொழுத்ததை வைத்துக்கொண்டு மற்றதைப் பிடுங்குவோம். மலையில் மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த வேலை இது. அதே வேலையை அவன் என் மாங்கன்றுகளுக்கும் செய்திருக்கிறான். ஏனோதானோ என்றுகூட இல்லை, ஒவ்வொரு கன்றாக உட்கார்ந்து பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறான். நான் கத்தினேன். என்னென்ன கத்தினேன் என்று எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. படிக்காதவன் என்ற சொல் அதில் இருந்தது. அவன் வீட்டுக்குப் போய்விட்டான். அண்ணிதான் நின்றாள். அவள் எப்போதும் என்னிடம் சத்தமாகப் பேசமாட்டாள். அன்றும் மெதுவாகத்தான் சொன்னாள். “சாமக் காட்ட நீ கேட்டன்னுதாம்மா குடுத்தாரு. அஞ்சு வருசமா சாமய வெல குடுத்து வாங்கித் துன்றோம். மொச்சக்கிப் பண்றத மாவுக்குப் பண்ணாதன்னு நீ ஒரு வார்த்த புரியறாப்ல சொல்லியிருக்கக் கூடாதா?”

கூடாதா என்று அவள் கேட்டது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. தப்பு அவனுடையது இல்லை. தெரிந்தவள் நான், சொல்லாதவளும் நான். ஆறு வருடமாகக் குனிந்து பார்க்காதவளும் நான்தான். அன்று சாயங்காலம் போய் மன்னிப்புக் கேட்டேன். “வுடு” என்றான். ஆனால் முகம் விடவில்லை.

கன்று வேண்டும் என்று சொன்னவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். தன் வீட்டு மரத்தையே நாட்டுமரமாக்கியவள் கொடுக்கும் கன்றை யார் வாங்குவார்கள்? நெல்லியும் கொய்யாவும் போயின, மாங்கன்றை மட்டும் ஒருவரும் தொடவில்லை. பண்ணையை மூடிவிட்டுக் கணியம்பாடிக்கே திரும்பலாம் என்று பெட்டியைக்கூட எடுத்துவைத்தேன். அப்போதுதான் அந்தச் சவலை மரங்களில் ஒன்றில், இலைக்குள் ஒளிந்தபடி, இரண்டு பழங்கள் பழுத்திருந்ததைப் பார்த்தேன். ஒன்றை அறுத்து அண்ணன் கையில் கொடுத்தேன். சாப்பிட்டான். கொட்டையை ரொம்ப நேரம் சப்பிக்கொண்டிருந்தான்.

“எல்லா மரத்துலயும் இத வரவெக்க முடியும்ணா” என்றேன். “மரத்த மார் உயரத்துல வெட்டிடணும். சுத்தித் துளுக்கும். அந்தத் துளுர்ல இந்த மரத்துக் குச்சிய ஒட்டுக் கட்டணும். வேரு பெருசா இருக்குதில்ல, ரெண்டு மூணு வருசத்துல காய்ச்சிடும்.”

“காய்க்கிற மரத்து தலய வெட்டறதா?”

“ஆமா.”

“ஆளு இருக்கற வூட்டக் கொளுத்திட்டு புதுசு கட்றேன்ற.” எழுந்து போய்விட்டான்.

அவன் மறுத்ததில் நியாயம் இருந்தது. நாரோ புளிப்போ, அவை காய்க்கிற மரங்கள். ஊறுகாய்க்கு வாங்க ஆள் இருந்தது. ஒருமுறை என் பேச்சைக் கேட்டுச் சாமைக்காட்டை விட்டவன், இன்னொரு முறை கேட்டு மாந்தோப்பையும் விடவேண்டுமா? பத்து நாள் நானும் அவனும் பேசிக்கொள்ளவில்லை. பதினோராம் நாள் வந்து, “பாறயோரத்து வரிச மட்டும் எடுத்துக்கோ. ஏழு மரம். மிச்சத்துல கத்தி பட்டுச்சின்னா நான் மனுசனா இருக்கமாட்டேன்” என்றான். ஏழு போதும் என்றேன். எனக்கு அப்போது ஒரு மரம் கொடுத்திருந்தாலும் போதும்.

ஆடியில் வெட்டினோம். ரம்பத்தை நான் பிடித்தேன், மறுமுனையைப் பிடிக்க அவன் வரவில்லை, அண்ணி வந்தாள். அவன் வரப்பில் உட்கார்ந்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காதில் விழட்டும் என்று அண்ணிக்குச் சொல்வதுபோல ஒவ்வொன்றையும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வேலை செய்தேன். இந்த முறை புத்தகத் தமிழ் கிடையாது. ஒரு கிளையை மட்டும் மரத்தின் மூச்சுக்கு விட்டுவைக்கணும். ஒரே பக்கமாக அறுத்தால் மரம் சாயும்போது பட்டை கிழியும், முதலில் எதிர்ப்பக்கம் கொஞ்சம் அறுத்துக்கணும். தண்ணி நிற்காமல் வெட்டுவாய் சாய்வாக இருக்கணும். மேலே பசுஞ்சாணி பூசணும். அவன் ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

புரட்டாசித் தூறலில் ஒட்டுக் கட்டினேன். குச்சி காயாமல் இருக்க அதன்மேல் குச்சி ஐஸ் போடும் நீளமான பிளாஸ்டிக் உறையை மாட்டுவோம். ஏழு மரத்திலும் உறைகள் வெள்ளை வெள்ளையாகத் தொங்கின. அண்ணன் வந்து பார்த்துவிட்டு, “எனக்குத்தான் ஐஸ் வெச்சன்னு பாத்தா மரத்துக்கும் வெக்கிறியா” என்றான். பல வாரத்துக்குப் பிறகு அவன் செய்த முதல் கிண்டல். எனக்கு அழுகையே வந்துவிட்டது, தலையைத் திருப்பிக்கொண்டேன்.

முதல் தடவை மூன்று மரங்களில் ஒட்டுப் பிடிக்கவில்லை. மறுவருடம் மறுபடி கட்டினேன். பிடித்த மரங்களில் வேறு தொல்லை. ஒட்டுக்குக் கீழே அடிமரத்தில் இருந்து துளிர்கள் கிளம்பிக்கொண்டே இருந்தன, விரல் தடிமனில், பளபளப்பாக. ஒட்டுத்துளிரோ இரண்டு இலையோடு பரிதாபமாக நிற்கும். அப்படியே விட்டால் பழைய கதைதான். நான் பாதி நாள் பிழைப்புக்காகக் கணியம்பாடிக்குப் போய்க்கொண்டிருந்ததால் அவற்றைக் கிள்ளும் வேலை அண்ணன் தலையில் விழுந்தது. கொழுத்ததைப் பிடுங்கி நோஞ்சானை வைத்திருப்பது அவனுக்கு எவ்வளவு கஷ்டம் என்று அண்ணி சொல்லிச் சிரிப்பாள். “ஒண்ணொண்ணு கிள்றப்பயும் ஐயோன்றாரு.” கிள்ளியதைத் தரையில் போட மனசில்லாமல் ஆட்டுக்குக் கொண்டுவந்து போடுவானாம்.

மூன்றாம் வருடம் அந்த வரிசை காய்த்தது. எங்கள் புளியை வாங்க வாணியம்பாடியில் இருந்து வருடாவருடம் வரும் பாய் ஒரு பழத்தை அங்கேயே அறுத்துத் தின்றார். “மாஷா அல்லா, இன்னா பழம்மா இது! எந்த நர்சரிக் கன்னுங்க?” என்று அண்ணனைக் கேட்டார். அண்ணன், “இங்கயே வெச்சதுதான்” என்று சொல்லிவிட்டுப் புளி மூட்டையைத் தூக்கப் போய்விட்டான். எனக்குச் சுருக்கென்றது. என் பெயரைச் சொன்னால் வாயில் இருந்து முத்தா உதிர்ந்துவிடும்? ஊரில் அத்தனை பேரும் வந்து தின்றுவிட்டுப் பாராட்டினார்கள். கழன்றுபோனவர்கள் கன்றுக்குத் திரும்பி வந்தார்கள். அண்ணன் மட்டும் நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் மூன்று வருடம் காத்திருந்தேன் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

அந்த ஆடியில் படவேட்டில் ஒரு தோட்டக்காரர் தன் மரங்களுக்கு ஒட்டுக் கட்ட வேண்டும் என்று என்னை அழைத்திருந்தார். முதன்முறையாக மலைக்குக் கீழே இருந்து என்னைத் தேடி வந்த வேலை. நான்கு நாள் இருந்து முடித்துவிட்டுத் திரும்பினேன். பஸ் வளைவில் திரும்பும்போது எங்கள் மேல்காடு தெரியும். நான் எப்போதும் அந்த ஜன்னலில்தான் உட்காருவேன். அன்று பார்த்தேன், தோட்டத்தைக் காணோம். பாறையோரத்து ஏழு மரம் தெரிந்தது, மற்ற இடமெல்லாம் வெறும் வானம்.

விற்றுவிட்டான் என்று நினைத்தேன். விறகுக்குக் கொடுத்துவிட்டு மறுபடி சாமைக்கே போய்விட்டான், அதை என் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாமல் நான் இல்லாத நாளாகப் பார்த்துச் செய்துவிட்டான் என்று. பையை வழியிலேயே போட்டுவிட்டு ஓடினேன். தோட்டத்தில் நாலைந்து பேர் நின்று அண்ணனைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். கோயிலில் நாரை இழுத்தாரே, அவரும் இருந்தார். “காய்ப்பு மரம்டா, இருவத்தாறு மரத்த ஒரே மூச்சா மொட்ட அடிச்சிருக்கியே, புத்தி கெட்டுப்போச்சா? ஏழு புடிச்சிச்சின்னா எல்லாம் புடிக்குமா? புடிக்கலன்னா இன்னா பண்ணுவ?”

அண்ணன் வாளியில் சாணியைக் கரைத்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “புடிக்கும். கட்டப்போறது யாரு?” என்றான்.

நான் பின்னால் நிற்பது அவனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருக்கமாட்டான்.

இருபத்தாறு மரமும் மார் உயரத்தில் நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கிளை மூச்சுக்கு விடப்பட்டிருந்தது. வெட்டுவாய் சாய்வாக இருந்தது. ஒரு மரத்திலாவது பட்டை கிழிந்திருக்கும் என்று சுற்றி வந்து பார்த்தேன், இல்லை. நான் அண்ணிக்குச் சொல்வதுபோல் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும், வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் காதில் விழுந்திருக்கிறது. அந்தச் சவலை இரண்டையும் தொடவில்லை. குச்சிக்கு அவைதான் தாய் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். “அளவு சரியான்னு பாரு” என்றான்.

அளந்து பார்த்தேன். எனக்கு நாடாவே தேவைப்படவில்லை, ஆனாலும் இருபத்தாறையும் அளந்தேன், அவன் பக்கத்திலேயே நின்றான். சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. வாய்க்காரி என்று ஊரே சொல்லும் நான் அத்தனை பேர் முன்னால் நின்று பெருமையில் தேம்பித் தேம்பி அழுதேன்.